ஒளித்து வைக்க ஒரு விண்ணப்பம்

ஒரு பொருளை ஒளிச்சு வைக்கிறதுக்கு முறைப்படி அனுமதி வாங்கணும்னு நினைச்ச முதல் ஆள், அந்த ஊர்ல கண்ணாடிக்கடைக்காரராத்தான் இருக்கணும். ஊர்ப் பெரிய மனுஷங்க எத்தனையோ விஷயத்தை ஒளிச்சு வச்சிருக்காங்க. ஒருத்தரும் படிவம் நிரப்பினதில்லை. இவருக்கு மட்டும் அந்த நல்ல புத்தி வந்ததுக்குக் காரணம் மச்சான்.

மச்சான்னா, வீட்டுக்காரம்மாவோட அண்ணன். வெளிநாட்டுல இருக்காரு. அங்கே அவருக்கு ஒரு விளையாட்டு பிடிச்சுப்போச்சு. யாராவது ஒரு சின்னப் பெட்டியை எங்கேயாவது ஒளிச்சு வச்சுட்டு, இடத்தை ஜி.பி.எஸ். எண்ணா எல்லாருக்கும் சொல்லிடுவாங்க. மத்தவங்க போனும் கையுமா போய்த் தேடணும். கிடைச்சா, பெட்டிக்குள்ள இருக்கிற குட்டி நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டு, எடுத்த இடத்துலயே திரும்ப வச்சுடணும். வீட்டுக்கு எடுத்துட்டு வரக்கூடாது. கையெழுத்து இல்லைன்னா கண்டுபிடிச்சதாவே ஆகாது.

மச்சான் இதுவரைக்கும் ஆயிரத்து நாலு பெட்டி கண்டுபிடிச்சிருக்காரு. அந்தக் கடைசி நாலு, கண்ணாடிக்கடைக்காரர் தன் வீட்டுலயும் கடையிலயும் ஒளிச்சது. நாலுக்கும் சேர்த்து இருபது நிமிஷம்கூட ஆகலை.

"ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடுறீங்க மாப்பிள்ளை, அதான் உங்களுக்கு ஒளிக்க வரலை"ன்னு போன தடவை சாப்பாட்டு மேஜையில சொல்லிச் சிரிச்சாரு. வீட்டுக்காரம்மாவும் கூடச் சிரிச்சாங்க. உறுத்தினது அதுதான். அண்ணன் வந்துட்டா அவங்களுக்குப் புருஷன் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி.

இந்தத் தடவை விடுறதில்லைன்னு, பூங்காவுல ஒரு நல்ல இடம் பார்த்து வச்சாரு. ஓடாத நீரூற்றுக்குப் பின்னால ஒரு கல் இடுக்கு. பொது இடத்துல அனுமதி இல்லாம வச்ச பெட்டியை விளையாட்டுச் சங்கம் ஏத்துக்காது. அதனால பூங்கா அலுவலகத்துக்குப் போனாரு.

அந்த அலுவலகம் அவருக்குப் புதுசில்லை. பூங்காவும் தெருவிளக்கும் ஒரே துறை. கடைவாசல்ல விளக்கு எரியலைன்னு ஆறு வருஷத்துக்கு முன்னால மனு கொடுத்தது அங்கேதான். இன்னும் எரியலை. கடைக்குப் பின்னாலேயே வீடு. ரெண்டுக்கும் ஒரே படி. இருட்டினா அந்தப் படியில கால் இடிக்காத ஆள் இல்லை. கண்ணு சரியில்லைன்னு வந்தவங்க காலும் சரியில்லாம போவாங்க.

விதிகளுக்கு விளக்கம் சொல்றதுக்குன்னே அங்கே ஒரு விளக்க அலுவலர் இருந்தாரு. படிவத்தை நீட்டினாரு.

"ஒளிக்கிற இடத்தை இதுல எழுதுங்க."

"எழுதினா ரகசியம் போயிடாதா சார்?"

"ரகசியத்தைக் காப்பாத்துறதுதான் எங்க வேலை. எழுதிக் கொடுங்க, வாசல்ல இருக்கிற அறிவிப்புப் பலகையில பதினஞ்சு நாள் ஒட்டுவோம். பொதுமக்களுக்கு ஆட்சேபணை இருந்தா சொல்லணும்ல."

"பலகையில ஒட்டினா ஊரே படிச்சுடுமே சார்."

விளக்க அலுவலர் அவரைப் பரிதாபமாப் பார்த்தாரு. "அந்தப் பலகையை நீங்க எப்பவாவது படிச்சிருக்கீங்களா?"

கண்ணாடிக்கடைக்காரர் யோசிச்சுப் பார்த்தாரு. இடத்தை எழுதிக் கொடுத்தாரு.

பதினஞ்சு நாளும் ஒரு குறையும் இல்லாமப் போச்சு. ஒருத்தரும் படிக்கலை. அடுத்தது விதி ஐந்து: 'மேற்படி பொருள் புதைக்கப்பட்டிருத்தல் ஆகாது.'

"புதைக்கலை சார். இடுக்குல வச்சு, மேலே ரெண்டு சருகு போடுவேன்."

"ரெண்டு வரைக்கும் மூடுதல். மூணாவது சருகு விழுந்தா புதைத்தல்."

"மரம் தானா உதிர்த்தா நான் என்ன சார் பண்றது?"

"மரம் எங்களுது. அப்போ புதைச்சது நாங்கன்னு ஆயிடும். எங்க மேல நாங்களே நடவடிக்கை எடுக்கணும். நல்லாவா இருக்கும்?"

நல்லா இருக்காதுன்னு கண்ணாடிக்கடைக்காரரும் ஒத்துக்கிட்டாரு. புதைக்கிற விஷயம்னு வந்துட்டதால கோப்பு இடுகாட்டுப் பிரிவுக்குப் போச்சு. ஒளிக்கப் போற பெட்டியையும் கூடவே கட்டி அனுப்பணும்னாங்க. கடையில மூக்குக்கண்ணாடி வச்சுக் கொடுக்கிற கெட்டியான கண்ணாடிக்கூடு ஒண்ணுல நாற்பது பக்கக் குட்டி நோட்டைப் போட்டுக் கொடுத்தாரு. ஒரு வாரத்துல இடுகாட்டுப் பிரிவு பதில் அனுப்புச்சு: 'மேற்படி பொருள் புதைக்கப்பட வேண்டிய நிலையில் இல்லை என்பதற்கு மருத்துவச் சான்று இணைக்கவும்.' தெரிஞ்ச கண் டாக்டரைப் பிடிச்சு, 'பார்வைக்கு நன்றாக உள்ளது'ன்னு எழுதி வாங்கிக் கொடுத்தாரு. அதுல திருப்தியாகி, கோப்பை மரப் பிரிவுக்கு அனுப்பினாங்க. அங்கேயிருந்து கல் பிரிவு. கல் பிரிவுக்கு அப்புறம் அதைப் பார்த்தவங்க இல்லை.

மச்சான் வந்து இறங்குறதுக்கு முதல் நாள் கண்ணாடிக்கடைக்காரர் ஓடினாரு.

"கட்டடத்துக்குள்ளதான் இருக்கு"ன்னாரு விளக்க அலுவலர்.

"கட்டடத்துக்குள்ள எங்கே சார்?"

"அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. தெரியவும் தெரியாது."

வேற வழி? கண்ணாடிக்கடைக்காரர் அந்த அலுவலகத்தோட ஜி.பி.எஸ். எண்ணையே எடுத்து மச்சானுக்குக் கொடுத்துட்டாரு.

"பத்து நிமிஷம் மாப்பிள்ளை"ன்னு சொல்லிட்டுப் போன மச்சான், சாயங்காலம் கையில மூணு டோக்கனோட திரும்பி வந்தாரு. நாலாம் ஜன்னல்ல கேட்டா ஏழாம் ஜன்னலாம். ஏழாம் ஜன்னல் சாப்பிடப் போயிருக்காம். மறுநாள் ஏழாம் ஜன்னல் திறந்துச்சு. நாலாம் ஜன்னல் லீவு. அவர் காட்டுல தேடியிருக்காரு, பனியில தேடியிருக்காரு, எந்தக் காடும் அவரை நாளைக்கு வான்னு சொன்னதில்லை. அஞ்சாம் நாள் சிரிப்பு நின்னு போச்சு. எட்டாம் நாள் சாப்பாடு இறங்கலை.

"ஏங்க, அண்ணனைப் பார்த்தா பாவமா இருக்கு. எங்கேன்னு சொல்லிடுங்களேன்"ன்னாங்க வீட்டுக்காரம்மா.

"ஒளிச்சவன் சொல்லக்கூடாதும்மா, ஆட்டத்துக்கு மரியாதை இல்லை"ன்னாரு. அவருக்கே தெரியாதுங்கிறதை அவர் மூச்சு விடலை.

பத்தாம் நாள், விடிஞ்சா விமானம். கூடப் போய் நின்னாரு கண்ணாடிக்கடைக்காரர். விளக்க அலுவலர் மாடியில கோப்பு அறையைத் திறந்து விட்டாரு. தும்மிக்கிட்டே ஒரு குவியலுக்குள்ள தோள் வரைக்கும் கையை விட்ட மச்சான், கண்ணாடிக்கூட்டை வெளியே இழுத்தாரு. "ஆயிரத்து அஞ்சு"ன்னு மெதுவாச் சொல்லிக்கிட்டே நோட்டைத் திறந்தாரு. கண்ணாடிக்கடைக்காரரும் தோளுக்கு மேல எட்டிப் பார்த்தாரு.

முதல் பக்கம்: 'பார்த்தேன்.' கையெழுத்து, தேதி, இடுகாட்டுப் பிரிவு முத்திரை. அடுத்த பக்கம்: 'பார்த்தேன்.' மரப் பிரிவு. அதுக்கு அடுத்தது கல் பிரிவு, கல் பிரிவு மேற்பார்வை, மேற்பார்வைக்கு மேற்பார்வை. நாற்பது பக்கமும் பார்த்திருந்தாங்க. அட்டையிலகூட யாரோ பார்த்திருந்தாங்க. மச்சான் கையெழுத்துப் போட ஒரு விரல் அளவு இடம் இல்லை.

"ஒரு தாள் ஒட்டிக்கலாமா சார்?"ன்னு கேட்டாரு மச்சான்.

"தாராளமா"ன்னாரு விளக்க அலுவலர். "கூடுதல் தாளுக்குத் தனி விண்ணப்பம் கொடுங்க. பலகையில பதினஞ்சு நாள் ஒட்டுவோம்."

மச்சான் கோப்புக்கட்டு மேலேயே உட்கார்ந்துட்டாரு. "ஒளிக்கக் கத்துக்கிட்டீங்க மாப்பிள்ளை"ன்னாரு. பெட்டியை எடுத்த இடத்துலயே வச்சுட்டு, ஊருக்குப் போய், தேடுறவங்க எல்லாருக்கும் எழுதிட்டாரு, இப்படி ஒரு இடத்தைத் தன் ஆயுசுல பார்த்ததில்லைன்னு.

அதுக்கப்புறம் கூட்டம் வர ஆரம்பிச்சுச்சு. விளக்க அலுவலர் விதிகளைப் புரட்டிப் பார்த்து, 'மேற்படி கட்டடத்தில் எப்பொருளும் புதைக்கப்படவில்லை. குவிக்கப்பட்டு மட்டுமே உள்ளது. தேடலாம்'னு விளக்கம் கொடுத்தாரு. பெட்டியைத் தேடப் போனவங்களுக்கு வேற என்னென்னமோ கிடைச்சுது. ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருத்தருக்கு, அவங்க வீட்டுக்கு முன்னால சாய்ஞ்சு நிக்கிற மரத்தை வெட்டச் சொல்லி ஒன்பது வருஷத்துக்கு முன்னால கொடுத்த மனு கிடைச்சுது. எல்லாரும் கை தட்டினாங்க. அவங்க பெருமையா ஓரத்துல கையெழுத்துப் போட்டுட்டு, எடுத்த இடத்துலயே வச்சுட்டாங்க. ஒரு தச்சர் மட்டும், "என் மனுதானே, கீழே ஜன்னல்ல கொண்டுபோய்க் கேட்டா என்ன?"ன்னு கிளம்பினாரு. "ஆட்டத்தைக் கெடுக்காதீங்க சார்"னு நாலு பேர் சேர்ந்து அதட்டி உட்கார வச்சாங்க. அந்த வருஷம் அலுவலகத்து மேல ஒரு புகார்கூட வரலை.

ஒரு வெள்ளிக்கிழமை கண்ணாடிக்கடைக்காரர் கைக்கும் ஒண்ணு சிக்குச்சு. அவரோட தெருவிளக்கு மனு. கீழே சிவப்பு மையில, 'இன்றே சரிசெய்க.' ஆறு வருஷத்துக்கு முந்தின தேதி. அவருக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. பேனாவை எடுத்து, 'பார்த்தேன்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டாரு. மடிப்புக் கலையாம அதே குவியலுக்கு அடியில சொருகி வச்சாரு.

வீடு வந்து சேரும்போது இருட்ட ஆரம்பிச்சிருந்துச்சு. வாசல்ல நுழையும்போதே குரல் கொடுத்தாரு. "இன்னைக்கு நான் என்னத்தைக் கண்டுபிடிச்சேன்னு சொல்லு பார்ப்போம்."

"முதல்ல படியைக் கண்டுபிடிங்க"ன்னு உள்ளேயிருந்து பதில் வந்துச்சு.

சொல்லி முடிக்கிறதுக்குள்ள கண்டுபிடிச்சுட்டாரு.