சந்தைக்கு லீவு விட்டால் கண்ணுக்கு ஆபரேஷன்

அன்பு மைத்துனனுக்கு அத்தான் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்காவும் நலம்; என் பங்குகள்தான் கொஞ்சம் சோர்வாக இருக்கின்றன. அங்கே நீயும் உன் மனைவி மக்களும், போட்ட முதலீடுகளும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

முந்தாநாள் நீ போனில், "அக்காவுக்குச் சுத்தமா கண்ணு தெரியாமப் போனப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவீங்களா?" என்று கேட்டாய். பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன் என்று கோபப்படாதே. நீ கூப்பிட்டது சந்தை நேரம். நான் விலை பார்ப்பதும் அதே போனில்தான்; உன் பெயர் திரையில் வந்தால் விலைகள் மறைந்துவிடுகின்றன. அதனால்தான் கடிதம்.

ஆயுள் பூராவும் ஆலையில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தவன் நான். என் செருப்புச் சத்தம் கேட்டால் டீ குடிக்கிறவன் டம்ளரை ஒளித்து வைப்பான். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து வீட்டில், "காலைத் தூக்குங்க, கூட்டணும்" என்பதற்கு மேல் எனக்கு மரியாதை இல்லை. பங்குச் சந்தைதான் திரும்ப ஒரு வேலை நேரத்தைக் கொடுத்தது. காலையில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, சந்தை திறக்குமுன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துவிடுவேன். மூடும்வரை மிக்ஸி ஓடக்கூடாது. காலிங் பெல்லைக் கழற்றியாயிற்று. இருப்பது ஒரே ஒரு குழாய்க் கம்பெனியின் கொஞ்சம் பங்குகள்தானே என்று நீ சிரிப்பாய். நான் பார்க்காவிட்டால் அது இறங்கிவிடுகிறது, மச்சான். பார்த்தாலும் இறங்குகிறது, ஆனால் அது என் கண்ணெதிரே நடக்கிறது.

உன் அக்கா கண்ணில் புரை என்று டாக்டர் சொன்னதும் நான் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. சந்தைக்கு லீவு விடும் முதல் நாளே ஆபரேஷன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த நாளும் வந்தது. வாடகைக் கார் பிடித்துப் போய் இறங்கினால் கண் ஆஸ்பத்திரி பூட்டிக் கிடக்கிறது. எவனாவது ஆஸ்பத்திரிக்கு லீவு விடுவானா என்று காவலாளியிடம் பாய்ந்தேன். ஊரே லீவு விட்டிருக்கும்போது டாக்டர் மட்டும் என்ன பாவம் செய்தார் என்று அவன் கேட்டான். சனி ஞாயிறில் அந்த டாக்டர் கத்தியைத் தொடமாட்டாராம். சந்தையைப் பார்த்துத்தான் அவரும் நேரம் வைத்திருக்கிறார் போல. ஒரே ஒரு புதன்கிழமை கடையை மூடுங்கள், என் மனைவிக்குக் கண் ஆபரேஷன் என்று பங்குச் சந்தைக்கே கடிதம் எழுதினேன். இன்றுவரை பதில் இல்லை. சின்ன முதலீட்டாளன் என்றால் அவ்வளவுதான்.

அப்புறம் சந்தைக்கு மட்டும் லீவு, ஆஸ்பத்திரி உண்டு என்று ஒரு நாள் வந்தது. அது லீவு என்பதுதான் எனக்குத் தெரியாமல் போயிற்று. வழக்கம்போல் உட்கார்ந்தேன். குழாய்க் கம்பெனி காலையிலிருந்து ஒரு பைசா இறங்கவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. மாடி வீட்டுக்காரரையும் எதிர்க்கடைத் தையல்காரரையும் கூப்பிட்டு, இதுதான் பலம், பெரிய கைகள் பிடித்து நிறுத்துகின்றன, சரியான நேரத்தில் எகிறும் என்று விளக்கினேன். தையல்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி வாயைப் பிளந்து கேட்டார். பொழுது சாய்ந்ததும் மாடி வீட்டுக்காரர், "சார், இன்னைக்குச் சந்தையே இல்லையாம்" என்றார். அதற்குள் டாக்டர் வீட்டுக்குப் போய்விட்டார். இதில் என் தப்பு எங்கே இருக்கிறது, சொல்.

ஒன்று சொல்கிறேன், உன் அக்காவுக்குக் கண் அத்தனை மோசமில்லை. சென்ற வாரம் ஒரு நாள் ஆளையே காணோம். மாடி வீட்டிலிருந்துதான் சாப்பாடு வந்தது. அதிலிருந்து வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரிகிறாள். இந்த வயதில் என்ன ஸ்டைலோ. நேற்று அடுப்படியில் நின்றபடியே என் திரையைப் பார்த்து, "உங்க குழாய் இன்னும் இறங்கிடுச்சு" என்றாள். இது கண் தெரியாதவள் பேசுகிற பேச்சா? ஆகவே அடுத்த லீவு வரை பொறுக்கலாம் என்பது என் முடிவு.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல். குழந்தைகள் நன்றாகப் படித்து, நஷ்டமே பாராமல் நீடூழி வாழட்டும். தபால் ஆபீசும் சந்தை நேரத்தில்தான் திறந்திருக்கிறது. அதனால் இதைத் தபாலில் சேர்க்க உன் அக்காவிடமே கொடுத்து அனுப்புகிறேன். அவளால்தான் படிக்க முடியாதே.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: தம்பி, அக்கா எழுதுறேன். நல்லாவே படிக்க முடியுது. போன வாரமே ஆபரேஷன் ஆயிடுச்சு, மாடி வீட்டம்மாதான் கூட வந்தாங்க. கண்ணுல கட்டோட வந்து இவர் முன்னால நின்னேன், வெளிச்சத்தை மறைக்காதேன்னாரு. நீ லீவு போட்டுட்டு வர வேண்டாம். அடுத்த கண்ணுக்கும் நாள் குறிச்சாச்சு. சந்தை இருக்கிற நாளாப் பார்த்துக் குடுங்கன்னு டாக்டர்கிட்ட கேட்டு வாங்கினேன். லீவு நாள்னா இவரும் கூட வந்துடுவாரு.