உக்கலண்ணையின் மாங்குத்தி

மரம் உக்கி மக்கிப்போனால் எவரும் கவலைப்படுவார்கள். அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரேயொரு தச்சர் இந்த உலகத்திலேயே எங்கள் உருத்திரபுரத்தில்தான் இருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அவருடைய சொந்தப் பெயர் கிராம அலுவலரான விதானையாரின் பதிவேட்டுக்கு மட்டுமே தெரியும். எங்களுக்கு அவர் உக்கலண்ணை.

மற்றத் தச்சர்கள் முதிரை, பாலை என்று அலைய, இவர் வெறும் மாமரத்துண்டை, மாங்குத்தியை, பட்டையோடு கொண்டுவந்து குசினிக்குப் பின்னால் கோடியில் ஈரமண்ணுக்குள் பாதி புதைப்பார். மேலே வைக்கோல், அதற்கும் மேலே நனைத்த சாக்கு. தினமும் கஞ்சித்தண்ணீர் வேறு. பூஞ்சணம் பிடிக்க வேண்டுமாம்.

"மனிசருக்கே கஞ்சியில்லை, இந்தாளின்ர குத்திக்குக் கஞ்சி!" என்று அவர் மனைவி மணியக்கா ஏசுவார்.

"உள்ளுக்கை என்ன நடக்குதெண்டு தெரியுமோ தம்பி?" என்று உக்கலண்ணை பக்கத்து வீட்டுக்காரனான என்னிடம் கேட்டார். "ரெண்டு சாதிப் பூஞ்சணம் வந்து குடியிருக்கும். பக்கத்துக் காணிக்காரர் மாதிரி வேலிச்சண்டை. என்ர பக்கம் வராதையெண்டு ஒண்டுக்கொண்டு கறுப்பு வேலி அடைக்கும். அந்த வேலிதான் பலகையில விழுற கோடு."

உண்மைதான். அரிந்த பலகையில் மையால் கீறியதுபோல் மெல்லிய கறுப்புக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடும். முந்தி எடுத்தால் கோடு இராது. பிந்தினால் மரமே மாவாய் உதிரும். எடுக்கும் நாளை அவர் மூக்குத்தான் சொல்லும். குத்தியில் முகத்தைப் புதைத்து மணந்துவிட்டு, "வாற வெள்ளி" என்பார். ஒருநாளும் பிசகியதில்லை. எடுத்து நிழலில் காயவைத்தால் பூஞ்சணம் அடங்கிவிடும்.

ஒருமுறை என் மனைவி வேலியோரம் காயக் கிடந்த அப்படியொரு குத்தியை விறகென்று நினைத்துக் கொத்தி அடுப்பில் வைத்துவிட்டாள். எங்கள் குசினி வாசலில் வந்து நின்றார். "பிள்ளை, நீ அவிச்சது புட்டில்லை, என்ர அஞ்சு மாசம்!" பிறகு அந்தப் புட்டையே இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

அந்தப் பலகைகளில் அவர் செய்தவை பெரும்பாலும் படச்சட்டங்கள். எங்கள் பக்கத்தில் செத்தவரின் படத்தைச் சட்டம் போட்டு, முப்பத்தோராம் நாளுக்குள் மாலையோடு சுவரில் மாட்டிவிட வேண்டும். அந்தப் போர்க்காலத்தில் செத்தவர்களுக்குக் குறைவில்லை. கோடு விழுந்த பலகை எப்போதும் கைவசம் வைத்திருந்த உக்கலண்ணை எந்த வீட்டையும் காத்திருக்க வைத்ததில்லை.

அவருடைய ஒரே மகன் சந்திரன் கிளாலிக் கடலால் யாழ்ப்பாணம் போக வெளிக்கிட்டான். படகு அக்கரை சேரவில்லை. உடலும் வரவில்லை. ஒரு வருடம் பார்த்திருந்துவிட்டு, மணியக்கா மகனின் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து எடுத்து வந்தார்.

"இஞ்சேருங்கோ, பிள்ளைக்கு ஒரு விளக்கு வைக்கவேணும். சட்டம் செய்து தாங்கோ."

"அவனுக்கு நல்ல கோடு வேணும்," என்று உக்கலண்ணை கைவசமிருந்த பலகைகளை விட்டுவிட்டுப் புதிதாய் ஒரு குத்தி புதைத்தார்.

மாரி போனது. மணியக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீயாவது கேள். பிள்ளையின்ர படம் அலுமாரிக்குள்ள சீலைக்கு அடியில கிடக்குது."

கேட்டேன். குத்தியை மணந்து பார்த்துவிட்டு, "இன்னும் கோடு விழேல்லை," என்றார். அடுத்த மாரியும் போனது. அப்போதும் அதே பதில். கஞ்சித்தண்ணீரை மட்டும் தவறாமல் ஊற்றினார்.

ஒருநாள் காலை மணியக்கா தானே போய்ச் சாக்கை இழுத்தெறிந்தார். உக்கலண்ணையும் நானும் குத்தியைத் தூக்கினோம். எங்கள் கைக்குள்ளேயே அது பொலபொலவென்று கொட்டுண்டது.

"பிந்திப்போச்சு மணி," என்றார் உக்கலண்ணை, நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

அந்த மூக்கா பிந்தும்! சட்டத்துக்குள் போட்டுவிட்டால் பிள்ளை செத்தவன் ஆகிவிடுவான். அதுதான் அந்த மனிதரால் முடியவில்லை.

மணியக்காவுக்கும் விளங்கிவிட்டது. கொட்டுண்டதைக் கூட்டி அள்ளி வாழையடியில் போட்டுவிட்டு வந்தார்.

"கிணத்தடி மாமரத்தில தடிச்ச கொப்பொண்டு நிக்குது," என்றார். "அதை வெட்டிப் புதையுங்கோ. அவசரமில்லை."

உக்கலண்ணை மரம் அரியும் வாளைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். வாங்கி நானே அரிந்தேன். கோணலாய் அரிகிறேன் என்று எனக்கு நல்ல ஏச்சு. அவர் ஏச ஏச, அவரைக் கட்டிப்பிடித்து அழவேண்டும்போல் இருந்தது எனக்கு.