முயல் சிறுத்தைக்குச் சொன்ன ஆறுதல்

ஒரு காட்டில் செவந்தியப்பன் என்றொரு முயல் இருந்தது. சரியான பயந்தாங்கொள்ளி. சருகு விழுந்தால் ஓடும். விழாவிட்டால், இன்னும் ஏன் விழவில்லை என்று ஓடும். அதே காட்டில் வீரபாகு என்றொரு சிறுத்தை. அதற்கு வேறு வியாதி. பாயப்போகிற நேரம் பார்த்து, ‘ஐயோ பாவம், அதுக்கும் பிள்ளைகுட்டி இருக்குமே’ என்று மனசு குத்தும். பாய்ச்சலில் ஒரு சாண் குறைந்துபோகும். செவந்தியப்பன் இத்தனை நாள் உயிரோடு இருந்தது அந்த ஒரு சாணால்தான். அதுவோ, எல்லாம் தன் கால் வேகம் என்று நினைத்துக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில் ஆந்தையம்மாள் மனசைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கி வந்து, ‘உன்னை நீயே ஏற்றுக்கொள்’ என்று ஒரு முகாம் போட்டாள். மணி அடிக்கும்வரை யாரும் யாரையும் தின்னக்கூடாது என்று வாசலில் போர்டு. வரிசையில் நின்று டோக்கன் வாங்க வேண்டும். அடுத்தடுத்த டோக்கன்காரர்கள் ஜோடி. பதிமூணு முயலுக்கு, பதினாலு சிறுத்தைக்கு. தலையெழுத்தை யார் மாற்ற முடியும்?

படிவத்தில் முதல் கேள்வி: ‘உங்கள் மனம் உங்களிடம் அடிக்கடி சொல்வது என்ன?’

முயல் எழுதியது: ‘ஓடு.’

சிறுத்தை எழுதியது: ‘சீ, நீயெல்லாம் ஒரு பிராணியா?’

ஆந்தையம்மாள் தொண்டையைச் செருமினாள். “மனசோட சண்டை போடாதீங்க. அது ஏதாவது சொன்னா, ‘உன் அக்கறைக்கு நன்றி’ன்னு சொல்லிட்டு, மூச்சை மெதுவா மூணு தரம் இழுத்து விடுங்க. எலிங்ககிட்ட சோதிச்சுப் பார்த்தாச்சு.”

எத்தனை எலி மிச்சம் என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்து, ஜோடிகள் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்ல வேண்டும். சிறுத்தை தேம்பித் தேம்பி அழுதது. “தம்பி, தின்னாம இருந்தா பசிக்குது. தின்னா மனசு குத்துது. நான் கெட்டவனாப்பா?”

முயலுக்கு மனசு இளகிவிட்டது. இளகின மனசுக்காரர்களுக்குத்தான் வாய் சும்மா இருக்காதே! “அப்படிச் சொல்லாதீங்கண்ணே. நான் புல்லைத் தின்னா யாராவது திட்டுறாங்களா? நீங்க நீங்களா இருங்கண்ணே” என்று முதுகைத் தடவிக் கொடுத்தது.

சிறுத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டது. “இத்தனை வருஷத்துல இப்படி ஒருத்தரும் சொன்னதில்ல தம்பி. பாரம் இறங்கிடுச்சு. என்னை நான் ஏத்துக்கிட்டேன்.”

“ரொம்ப சந்தோஷம்ணே!”

மணி அடித்தது.

சிறுத்தை எழுந்து சோம்பல் முறித்தது. முயலின் மனசு ‘ஓடு!’ என்று கத்தியது. படித்த பாடத்தை முயல் மறக்கவில்லை. ‘உன் அக்கறைக்கு நன்றி’ என்றது. ஒரு மூச்சு இழுத்து விட்டது. இன்னொரு மூச்சும் விட்டது. மூன்றாவதற்குள், பயிற்சி எடுக்காத கால்கள் அவை பாட்டுக்குக் கிளம்பிவிட்டன. சிறுத்தையின் பாய்ச்சலில் இந்தத் தடவை ஒரு சாணும் குறையவில்லை. உயிர் தப்பியது, வால் போய்விட்டது.

மறுநாள் முயல் மறுபடியும் வரிசையில் வந்து நின்றது. “அம்மா, வால் இல்லாத என்னை நான் ஏத்துக்கணும்.”

“அதுக்குத்தான் இரண்டாம் கட்டப் பயிற்சி இருக்கு. படிவத்தை நிரப்பு. ஜோடியா யாரைப் போடட்டும்?”

“பல்லு இல்லாத யாரையாவது போடுங்கம்மா.”

நீதி: உன்னை நீ ஏற்றுக்கொள், தப்பேயில்லை. ஆனால் பக்கத்தில் இருப்பவன் தன்னை ஏற்றுக்கொள்வதற்குள் வீடு போய்ச் சேர்ந்துவிடு.