ஒரே ராத்திரியில் முளைத்த வால்

சபரிநாதன் ஹார்லிக்ஸ் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நேற்று வாலறுந்து கிடந்த பல்லிக்குட்டிக்கு இன்று முழு வால் இருந்தது.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டர் புரூஃப் பார்ப்பவர் அவர். 2006 காலண்டர் கட்டுகளுக்கு நடுவில் நசுங்காமல் தப்பிக் கிடந்த அந்த அரைவிரல் குட்டியை விட்டுவர மனசில்லாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். ஒரே மகள் கல்யாணமாகிச் சாத்தூர் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று கிடந்தது. ஆனால் மனைவி சொர்ணலட்சுமி பல்லியைக் கண்டால் போடும் அலறலில் பல்லியே சுவரிலிருந்து விழுந்துவிடும். அதனால் மூடியில் ஓட்டை போட்ட பாட்டில், பரணில் பழைய டைரிகளுக்குப் பின்னால் ஒளிந்தது.

"எல்லாம் நம்ம குடுத்த சீனித்தண்ணி" என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

மறுநாள் குட்டி கறுத்து மெலிந்திருந்தது. கொசுவத்திப் புகைதான் காரணம் என்று முடிவுகட்டினார்.

"இனிமே வீட்ல கொசுவத்தி ஏத்தாத."

"ஏன், கொசு நமக்குச் சொந்தமா?" என்றாள் சொர்ணலட்சுமி. இருந்தாலும் ஏற்றவில்லை. விடியும்போது இரண்டு பேர் முகமும் தடித்திருந்தது.

குட்டியோ இரண்டு மடங்காகியிருந்தது! கொசுவைத் தின்று கொழுத்துவிட்டதென்று பயந்து, பட்டினி போட்டார். அடுத்த நாள் பார்த்தால் தீக்குச்சி அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. பதறியடித்து அச்சகத்துக்கு ஓடினார்.

"முதலாளி, ரெண்டு நாள் லீவு வேணும்."

முதலாளி செல்லக்கனி கண்ணாடியைக் கழற்றினார். "சீசன்ல லீவா? லோடு அங்கன நிக்கிது. யாருக்கு என்ன?"

"வீட்ல சின்னது ஒண்ணு... சாப்பிடாம மெலிஞ்சு போச்சு."

"பேரப்பிள்ளையா? எங்ககிட்டச் சொல்லவே இல்ல!"

இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. லீவு கிடைத்துவிட்டது.

அன்று சாயங்காலமே ஆப்பிளும் கிலுகிலுப்பையுமாக முதலாளி வாசலில் நின்றார். "தங்கச்சி, பேரன் எங்க?"

சொர்ணலட்சுமி கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எனக்குத் தெரியாம உங்களுக்கு ஏதுங்க பேரன்?"

இதற்குமேல் மறைத்தால் குடும்பமே இருக்காது. சபரிநாதன் ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறினார்.

"பேரன் இல்ல முதலாளி. பல்லிக்குட்டி."

"பல்லிக்கா லீவு கேட்டீக?" செல்லக்கனியின் கையில் கிலுகிலுப்பை தானாகக் குலுங்கியது. "அப்ப அதையே வளத்துக்கிட்டு இருங்க. இனிமே கம்பெனிப் பக்கம் வரவேண்டாம்!"

சொர்ணலட்சுமி அலறவில்லை. முந்தானையைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

சபரிநாதன் பாட்டிலை இறக்கினார். காலி.

தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பட்டினி போட்டேன்ல... அதான் கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சு." கண்ணாடிக்குக் கீழே கண்ணீர் இறங்கியது.

முதலாளி கிலுகிலுப்பையை மெதுவாகப் பெஞ்சில் வைத்தார். "சரி சரி, அழாதீக. திங்கக்கிழமை வேலைக்கு வந்துருங்க."

அப்போதுதான் பக்கத்து வீட்டு வெள்ளைத்தாய், ஒரு டம்ளரை உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டு பின்வாசல் வழியாக நுழைந்தாள்.

"இந்தாங்க மதினி, இன்னைக்குப் பல்லி. இதையாவது தீனி போடுதேன்னு மூடியத் தொறந்து தப்பவிட்டுராதீக. அண்ணன் மனசு நோகக்கூடாதுன்னு தினம் ஒண்ணாப் புடிச்சுக் குடுத்து, எங்க வீட்டுச் சுவத்துல பல்லியே மிச்சமில்ல!"