உலகப் போட்டியில் வெந்த லலிதா

குண்டாக இருக்கும் பெண்ணைப் பார்த்தால் யாருக்கும் ஏதாவது ஒரு வைத்தியம் ஞாபகத்துக்கு வந்துவிடும். கொள்ளுக் கஞ்சி, வெந்நீர், வெறும் வயிற்றில் எலுமிச்சம்பழம். மும்பை மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தில் இருபத்தெட்டு வீடுகள். என் கணக்கில் இருபத்தேழு வைத்தியர்கள். (இருபத்தெட்டாவது வீடு எங்களுடையது. அங்கே என் அம்மா இருந்தாள்.)

இருபத்து நான்கு வயதில் நான் தொண்ணூற்றாறு கிலோ. ஒரு நாள் லிஃப்ட் நின்றுபோனது. நானும் அப்பாவும் உள்ளே இருந்து வெளியே வந்தபோது, சொசைட்டி செக்ரட்டரி ராமசேஷன் மாமா பத்துப் பேர் முன்னால், "கனமா இன்னொரு லிஃப்ட் போடலாம்னு தீர்மானம் கொண்டு வரணும் போலிருக்கே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் அதற்கப்புறம் என்னோடு வரும்போது மட்டும் அவர் லிஃப்டில் ஏறுவதில்லை. முழங்காலுக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டு படியில் போவார். நாங்கள் இருந்தது நான்காவது மாடி.

இளைப்பதற்காகத்தான் செம்பூரில் ஒரு ஜூடோ வகுப்பில் சேர்ந்தேன். நடத்தியவர் ஸ்மிதா தாயி என்ற மராத்திக்காரர். (தாயி என்றால் அவர்கள் மொழியில் அக்கா.) முதல் நாளே மூன்று பெண்களை விட்டு என்னைத் தள்ளச் சொன்னார். தள்ளினார்கள். நான் ரயிலுக்குக் காத்திருப்பவள் மாதிரி நின்றுகொண்டிருந்தேன். தாயி என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இனி ஒரு கிலோகூடக் குறையாதே என்றார். எனக்கு அந்த அறிவுரையைச் சொன்ன முதல் மனிதர் அவர். அன்றே அவருக்கு அடிமையானேன்.

அவர் மனதில் இருந்தது பெண்கள் சுமோ. பதினைந்து அடி வட்டம். பாதத்தைத் தவிர உடம்பில் எது தரையைத் தொட்டாலும் தோல்வி. கால் வட்டத்துக்கு வெளியே போனாலும் தோல்வி. எவ்வளவு எளிமையான விளையாட்டு என்று நினைத்தேன். நிற்பதுதானே, பிறந்ததிலிருந்து பழக்கம்.

ஒலிம்பிக்கில் இடம் கிடைக்காத விளையாட்டுகளுக்கென்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஓர் உலகப் போட்டி நடக்கிறது. கயிறு இழுப்பவர்கள், தட்டு எறிந்து பிடிப்பவர்கள், நீச்சல் குளத்தில் பொம்மையைக் காப்பாற்றுகிறவர்கள் எல்லாரும் வருவார்கள். பெரிய கல்யாணத்துக்கு அழைப்பு வராத உறவுக்காரர்கள் கூடித் தனியாகச் சமைத்துச் சாப்பிடுவது போன்ற ஏற்பாடு. என்னைப் போன்றவளுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் உலகத்தில் இல்லை.

நான் தேர்வானதைப் பற்றிப் பெருமையாக எழுத ஆசைதான். தேர்வுக்கு என் எடைப் பிரிவில் வந்தவர்கள் மூன்று பேர். ஒருத்திக்கு முழங்கால் வலி. இன்னொருத்தி பாஸ்போர்ட் இல்லாதவள். ஆசியாவுக்கான இடங்களில் ஒன்றை வேறு ஏதோ நாடு வேண்டாம் என்று விட, அது எங்களிடம் வந்து சேர்ந்தது.

அம்மா அக்கம்பக்கத்தில் "ஜூடோ மாதிரி ஒண்ணு" என்று சொல்லி வைத்தாள். இறுக்கமான கறுப்பு உடைக்கு மேல் இடுப்பைச் சுற்றிக் கட்டும் தடித்த வெள்ளைத் துணியை நான் முதல்முறை வீட்டில் கட்டிக் காட்டியபோது வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "மேல ஒரு துப்பட்டா போட்டுக்கப்படாதோ?" என்று கேட்டாள்.

அப்பா வேறு மாதிரி ஆகிவிட்டார். முப்பத்து மூன்று வருடம் ஒரு கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றவர்; அதுவரை என்னைப் பற்றி வெளியே அதிகம் பேசாதவர். இப்போது காய்கறிக் கடையில், கோயில் வாசலில், பேங்க் வரிசையில் சுமோவின் விதிகளை விளக்கிக்கொண்டிருந்தார். போட்டியை நெட்டில் நேரடியாகக் காட்டுகிறார்கள் என்று தெரிந்ததும் கட்டடத்தின் ஹாலை எடுத்து, திரை கட்டி, எல்லா வீட்டுக்கும் போய் அழைத்தார். வேண்டாம் என்று நான் கெஞ்சினேன். எல்லாரும் பார்க்கட்டும் என்று மட்டும் சொன்னார். எல்லாரும் என்று அவர் சொன்னது ராமசேஷன் மாமாவை.

ஐரோப்பாவில் ஒரு ஊர். என்னைவிட முப்பது கிலோ அதிகமான ஒரு பெண் எதிரில் நின்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருத்தி பக்கத்தில் நான் ஒல்லியாக இருந்தேன். அந்தச் சந்தோஷத்திலேயே போட்டியை முடித்துக்கொண்டிருக்கலாம்.

நடுவர் கை காட்டியதும் முட்டிக்கொண்டோம். அவள் பின்னால் நகர்ந்தாள். நான் தள்ளினேன். இன்னும் நகர்ந்தாள். என் உடம்பு ஒரு காரியத்துக்கு உதவுகிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு முழு பலத்தோடு தள்ள, வட்டத்துக்கு வெளியே மல்லாந்து விழுந்தாள். கண்ணைத் திறந்தபோது நடுவரின் கை அவள் பக்கம் நீண்டிருந்தது. அவள் விழுவதற்கு ஒரு நொடி முன்னால் என் வலது கால் வட்டத்தைத் தாண்டிவிட்டதாம். நான்கு விரல் அகலம். நேரம், நான்கு நொடி. ஒரு வருடப் பயிற்சிக்கு நொடிக்கு மூன்று மாதம் வீதம் விழுகிறது.

தோற்றவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு, நம்மைத் தோற்கடித்தவள் மேலே மேலே ஜெயித்தால். அவள் அடுத்த சுற்றிலேயே தோற்று அந்தக் கதவையும் சாத்திவிட்டுப் போனாள்.

உடை மாற்றும் அறையில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. அப்பா. பின்னணியில் கைதட்டல்.

"லலிதா, எல்லாரும் பாத்துண்டே இருந்தோம். நடுவுல படம் நின்னுபோச்சு. திரும்பி வந்தா அவ மல்லாந்து கெடக்கா, நீ நின்னுண்டிருக்கே. ஜெயிச்சுட்டே."

மாட்டுங்காவில் என்ன நடந்திருக்கிறது என்று புரிந்தது. முட்டிக்கொண்ட இடத்தில் படம் உறைந்திருக்கிறது. வந்தபோது அவள் தரையில். அதோடு நெட் முழுவதுமாகப் போய்விட்டது. நடுவரின் கையை யாரும் பார்க்கவில்லை.

"ராமசேஷன் ஸ்வீட் வாங்கிண்டு வரப் போயிருக்கார்" என்றார் அப்பா. குரல் உடைந்திருந்தது. அவர் அழுது நான் கேட்டதில்லை.

"ஆமாம்பா" என்றேன்.

இதை எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். "இல்லைப்பா" என்று சொல்ல நான்கு நொடிகூட ஆகியிருக்காது. அன்று சாயங்காலம் மறுபடி அழைத்து, அடுத்த சுற்றில் தோற்றுவிட்டேன் என்று கணக்கை நேர் செய்தேன். ஒரே ஒரு சுற்று ஜெயித்ததாகச் சொல்லும் சின்னப் பொய். ஊருக்கு வந்தால் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். முதல் போன் வந்தபோது பக்கத்தில் இருந்த ஸ்மிதா தாயிக்குத் தமிழ் தெரியாது. அப்பா ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்து என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

மும்பைக்கு வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஹாலில் பாராட்டு விழா. மேடையில் பெரிய பேனர். தாராவியில் யாரோ அடித்துக் கொடுத்தது. அடித்தவருக்குத் தமிழ் பேசத் தெரியும், எழுத்து அவ்வளவாக வராது போலிருக்கிறது. 'உலகப் போட்டியில் வென்ற லலிதா' என்பதற்குப் பதில் 'வெந்த லலிதா' என்று இருந்தது. கட்டடத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் வயதான மாமா மாமிகள்தான். அவர்களும் நாகரிகம் கருதிச் சும்மா இருந்தார்கள். (அந்த ஹாலில் அன்று உண்மையைச் சொன்னது அந்த பேனர் மட்டும்தான்.)

முன்வரிசையில் ஸ்மிதா தாயி. அப்பா எனக்குச் சொல்லாமல் செம்பூர் வரை போய் அழைத்துவிட்டு வந்திருந்தார். அவரைத் தனியாகப் பிடித்து இரண்டு வார்த்தை பேசலாம் என்று எழுந்தேன். அதற்குள் ராமசேஷன் மாமா அவரை மைக்குக்கு அழைத்துவிட்டார்.

தாயி ஹிந்தியில் பேசினார். ஹாலில் பாதிப் பேருக்கு ஹிந்தி நன்றாகத் தெரியும். மீதிப் பாதி, நாற்பது வருடமாக இந்த ஊரில் இருந்தும் காய்கறிக்காரரிடம் பேரம் பேசும் அளவுக்கு மட்டும் கற்றுக்கொண்ட மாமிகள். அவர்களுக்காக அப்பா இன்னொரு மைக்கைப் பிடித்து வரிக்கு வரி தமிழில் சொன்னார். ஸ்டெனோவாக இருந்தவர் அல்லவா. காதில் விழுவது மூளைக்குப் போகாமலே கை வழியாக வெளியே வரும் பயிற்சி அவருக்கு உண்டு; அன்று வாய் வழியாக வந்தது.

இந்தப் பெண்ணைப் போல உழைத்தவள் என் வகுப்பில் இல்லை என்றார் தாயி. அப்பா சொன்னார். தோற்றதற்காக இவள் ஒரு நாளும் தலைகுனியக் கூடாது என்றார். அப்பா அதையும் சொன்னார். அடுத்த சுற்றைப் பற்றிப் பேசுகிறார் என்று நினைத்திருப்பார். பிறகு தாயி நான்கு விரலைச் சேர்த்துத் தூக்கிக் காட்டினார்.

"பஹ்லே ஹி ரவுண்ட் மே, இஸ்கா பேர் பஹ்லே பாஹர் கயா. பஸ், சார் உங்லி."

ஹிந்தி தெரிந்த பாதி ஹால் அசையாமல் உட்கார்ந்தது. தெரியாத பாதி, புன்னகையோடு அப்பாவின் முகத்தைப் பார்த்தது.

"முதல் சுற்றிலேயே," என்றார் அப்பா கணீரென்று, "இவளுடைய கால்தான் முதலில் வெளியே போயிற்று. நான்கே விரற்கடை."

சொல்லி முடித்த பிறகுதான் அதைக் கேட்டார். மைக்கைக் கீழே இறக்கவில்லை. மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

ராமசேஷன் மாமா விரித்த பொன்னாடையோடு என் பின்னால் நின்றிருந்தார். "அப்போ ஜெயிக்கலையா சார்?" என்று கேட்டார்.

"இல்லை" என்றார் அப்பா. மைக் அதையும் எல்லாருக்கும் சொன்னது.

இந்த மாதிரி விழாவை நடுவில் நிறுத்துவது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் நடத்தி முடித்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். கைதட்டினார்கள், தூங்குகிற குழந்தை எழுந்துவிடக் கூடாது என்பதுபோல. மைசூர்பாகும் மிக்சரும் வைத்த டப்பாவை வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு போனார்கள். ராமசேஷன் மாமா அப்பாவின் தோளைத் தட்டி, "போறது சார், கலந்துண்டாளோல்லியோ, அதுவே பெரிசு" என்றார். லிஃப்டைப் பற்றி அவர் சொன்னதை என்னால் மன்னிக்க முடிந்தது. இதை இன்றுவரை முடியவில்லை.

அன்று நாங்கள் மூன்று பேரும் படியில்தான் ஏறினோம். வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றியபடி அப்பா சொன்னார்.

"தோத்ததுல ஒண்ணுமில்லை. கேட்டப்போ இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"நீங்க கேக்கவே இல்லையேப்பா. ஜெயிச்சுட்டேன்னு நீங்களேதான் சொன்னேள்."

அம்மா பொன்னாடையை மடித்து பீரோவில் வைத்தாள். இரண்டு மாதம் அப்பா எனக்குச் சொல்ல வேண்டியதை அம்மாவிடம் சொன்னார், நான் அதே அறையில் உட்கார்ந்திருக்கும்போதே.

இதெல்லாம் நடந்து எட்டு வருடமாகிறது. நான் இப்போது கணவரோடு நெருளில் இருக்கிறேன். எடை நூற்று இரண்டு. எங்கள் குடும்பத்தில் யார் 'ஆமாம்' என்று சொன்னாலும், "எந்த ஆமாம்?" என்று உடனே ஒரு குரல் எழும். அந்த நாட்களில் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்த தம்பி, வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னபோது கேட்டார்கள். என் கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டு நான் தலையாட்டியபோதும் கேட்டார்கள். விஷயம் தெரியாத மாப்பிள்ளை வீட்டாருக்கு அம்மா முழுக் கதையையும் நடித்தே காட்டினாள். எல்லாரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். நானும்தான்.

போன மாதம் அப்பாவுக்கு நெஞ்சு வலி. எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். நான்தான் ரிப்போர்ட்டை வாங்கி, டாக்டரிடம் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தேன். கட்டிலில் சாய்ந்திருந்த அப்பா, பயப்படும்படி ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னாரா என்று கேட்டார்.

"ஆமாம்பா" என்றேன்.

"எந்த ஆமாம்?" என்றான் தம்பி. அம்மா சிரித்தாள். என் கணவர் சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, என் கையிலிருந்த ரிப்போர்ட்டை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தார்.