நான் களப்பணிக்குப் போனது

துர்கா பூஜோவுக்குள் எங்கள் ஆபீசில் ஒரு பையன் கூட மதுக் கிளாஸைத் தொடக் கூடாது. இப்படி ஒரு முடிவுக்கு வந்தேன்.

நானாக வரவில்லை. மேலதிகாரி பட்டாச்சார்யா வரவழைத்தார். கல்கத்தாவில் கார்டன் ரீச்சில் எங்கள் ஆபீஸ். நான் அதில் நலப்பிரிவு. புதிதாகச் சேர்ந்த பயிற்சியாளர்கள் எல்லாரும் இருபது சொச்சம் வயசு. சம்பளம் வந்தால் சாயங்காலம் கால் எங்கே இழுக்கிறது என்று அவருக்குக் கவலை.

"குருமூர்த்தி, மதுவைப் பற்றி ஏதாவது தயார் பண்ணுங்க. அவங்க முழிச்சிண்டு பார்க்கணும். போன தடவை உங்க பேச்சுக்கு மைக்செட்காரன்கூடத் தூங்கிட்டான். இதுவும் அப்படித்தான்னா உங்களை ஸ்டோர்ஸுக்கு மாத்தறதைத் தவிர வழியில்லை."

ஸ்டோர்ஸில் ஜன்னல் கிடையாது. நான் உடனே படம் வரைய உட்கார்ந்தேன்.

வத்சலா எட்டிப் பார்த்தாள். என் மனைவி. கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவள். லேக் மார்க்கெட் பக்கம் எங்கள் கட்டடத்துப் பூஜோ கமிட்டிக்கு நோட்டீஸ், வீடியோ எல்லாம் அவள்தான். மாடியிலிருந்து கீழ்வரை எல்லாருக்கும் 'பௌதி', அதாவது அண்ணி. எனக்கு மட்டும் மேலதிகாரி.

"என்ன இது, தேங்காயா?"

"மண்டையோடு!"

"பக்கத்தில் கருகின கத்திரிக்கா?"

"கல்லீரல். குடிச்சா இப்படி ஆகும்னு காட்டறேன். பார்த்தவன் நடுங்கிடுவான்."

"நடுங்க மாட்டான். இருபத்திரண்டு வயசுக்காரனுக்குச் சாவெல்லாம் ரொம்ப தூரம். நாலு பேர் எதிரில் அசடு வழியறதுதான் பக்கம். அதைக் காட்டுங்கோ. சிரிச்சுண்டே பார்ப்பான்."

"சிரிக்க வைக்க இது சர்க்கஸ் இல்லை, வத்சு. கல்வி!"

"சரி" என்றாள். வத்சலா வாதாடினால் எனக்குப் பயமில்லை. 'சரி' என்றால்தான் பயம். அன்று அதைக் கவனிக்காமல் விட்டேன்.

ஏனென்றால் என் மனசில் வேறொரு திட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

"இளைஞர்களுக்கு எழுதணும்னா அவா போற இடத்தைப் பார்க்கணும். சனிக்கிழமை நானும் எங்க ஆபீஸ் வைத்தீஸ்வரனும் பார்க் ஸ்ட்ரீட் பாருக்குப் போறோம். களப்பணி."

"களப்பணியா, கள்ளுப்பணியா?"

"சீச்சீ! ஓரமா உட்கார்ந்து கவனிக்கப் போறோம்."

"போயிட்டு வாங்கோ. வெறும் வயத்தில் கவனிக்காதீங்கோ."

இவ்வளவு சுலபமாக அனுமதி கிடைத்து நான் பார்த்ததில்லை. போனோம். கவனித்தோம். சும்மா உட்கார்ந்தால் பரிமாறுகிறவர் முறைக்கிறார் என்று ஒரு கிளாஸ் வாங்கினோம். வைத்தீஸ்வரன், ஆராய்ச்சி என்றால் இரண்டாவது மாதிரி வேண்டும் என்றான். விஞ்ஞானம் தெரிந்தவன். அதற்கு மேலும் மாதிரிகள் வந்தன.

இருட்டுவதற்குள் மெட்ரோ பிடித்து நேராக நடந்து வீடு வந்தேன். என் கணக்கில் நேர்தான்.

மறுநாள் காலையில் இட்லி பஞ்சாக இருந்தது. வத்சலா முகமும் அப்படியே.

"நேத்து நான் ஏதாவது பேசினேனா?"

"காபி கேட்டேள். குடிச்சேள். படுத்தேள்."

"அவ்வளவுதானே?"

"வேறென்ன? உங்க படத்தையெல்லாம் கொடுங்கோ. கம்ப்யூட்டர்ல அழகா கோத்துத் தரேன்."

எனக்குக் கண் கலங்கியது. ஊரில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு மனைவி!

வெள்ளிக்கிழமை மீட்டிங் ஹால் நிரம்பியிருந்தது. மண்டையோடு திரையில் வந்ததும் எல்லாரும் ஃபோனை எடுத்தார்கள். கல்லீரல் வந்தபோது சாய் கிருஷ்ணா என்ற பையன் வாயைப் பிளந்தான். அதிர்ச்சி என்று நினைத்தேன். கொட்டாவி. முன்வரிசையில் பட்டாச்சார்யா கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு ஸ்டோர்ஸ் வாசனை அடித்தது.

அப்புறம், நான் வரையாத ஒன்று திரையில் வந்தது. வீடியோ.

எங்கள் வீட்டு ஹால். ஒரு ஆள் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுழன்று கொண்டிருக்கும் ஸ்டாண்ட் ஃபேன் முன்னால் கைகட்டி நிற்கிறான். ஹிந்தியில் பேசுகிறான். அதனால் ஹாலில் எல்லாருக்கும் புரிந்தது.

"ஸார், எனக்குப் பிரமோஷன் உண்டா?"

ஃபேன் இடமும் வலமும் தலையாட்டியது.

"லீவாவது உண்டா?"

அதற்கும் ஆட்டியது.

"எது கேட்டாலும் இல்லைதானா? வாயைத் திறந்தா வெறும் காத்து! பட்டாச்சார்யா ஸார், இது நியாயமா?"

முகம் தெரியவில்லை. முகம் யாருக்கு வேண்டும்? குரல்தான் எல்லாருக்கும் தெரியுமே! ஹால் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. ஒருத்தர் கையிலும் ஃபோன் இல்லை. சாய் கிருஷ்ணா நாற்காலியிலிருந்தே சரிந்துவிட்டான். கடைசியில் ஒரு வரி வந்தது: 'குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் வீட்டில் இருப்பவரிடமும் ஒரு ஃபோன் இருக்கிறது.'

சிரிப்பு சட்டென்று அடங்கியது. பையன்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். மண்டையோட்டுக்கு வராத பயம் அப்போது வந்தது.

பட்டாச்சார்யா எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே கை தட்டினார்.

சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினேன்.

"என்னைக் கேக்காம எப்படிப் போடலாம்?"

"கேட்டுத்தானே போட்டேன்" என்று வத்சலா ஃபோனை நீட்டினாள். அதே ஹால், அதே முதுகு. இந்தத் தடவை தமிழில்: "வத்சு! நல்லா எடு! நாளைய தலைமுறை இதைப் பார்க்கணும்! ஆபீஸ் பூரா போட்டுக் காட்டு! இது என் உத்தரவு!"

வீட்டில் நான் உத்தரவு போட்ட ஒரே நாள். அதையும் நிறைவேற்றிவிட்டாள்.

நான் செருப்பைக் கழற்றினேன். அப்போது பட்டாச்சார்யா ஃபோனில் கூப்பிட்டார். ஸ்டோர்ஸ் மாற்றல் இல்லையாம். அடுத்து புகையிலை ஒழிப்பாம்.

"பண்ணிடறேன், ஸார்!"

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், குருமூர்த்தி. அதை உங்க மிசஸ் பார்த்துப்பாங்க. நீங்க எப்பவும்போல வீட்டில் இருந்தா போதும்."