ஏழாவது பெட்டிசம்

இனி மனைவிக்காக ஒரு பெட்டிசமும் எழுதுவதில்லை என்று ஹயாத்து முகம்மது முடிவெடுத்துவிட்டார். இத்தனைக்கும் அவருக்குத் தொழிலே அதுதான். புத்தளம் கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரசாங்கக் கந்தோருக்கு, முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்து ஊராருக்கெல்லாம் மனு எழுதுபவர். அவர் பேனை அசைந்தால் கந்தோர் அசையும். ரபியா விசயத்தில் மட்டும் அசையவில்லை.

ரபியா பதினான்கு வருடமாக, பள்ளிக்கூடம் அகதி முகாமில் கூடாரமாக இருந்த காலந்தொட்டு, அங்கே கணிதம் படிப்பிக்கும் சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியை. நியமனம் கேட்டு ஆறு பெட்டிசம் போய், ஆறும் திரும்பி வந்தன. இப்போது அரசாங்க வர்த்தமானி அறிவித்தலில் நியமனத்துக்கு வயதெல்லை நாற்பது. ரபியாவுக்கு நாற்பத்திமூன்று.

"இருபத்தொம்பதில கேட்டா அனுபவம் காணாதாம். இப்ப கேட்டா வயசு கூடவாம். இடையில எந்தக் கிழமதான் நீ சரியா இருந்த?"

"அந்தக் கிழம கந்தோர் லீவாக்கும்."

"சண்ட முடிஞ்சு ரோட்டுல இருந்த ஆமிச் சென்றி எல்லாம் எடுத்துட்டாங்க. இந்த எல்லைய மட்டும் எடுக்கல்ல. போதும் புள்ள. என்னால ஏலா."

"சரிங்க" என்றாள் ரபியா. அவள் இவ்வளவு சுருக்கமாகச் சம்மதித்ததே இல்லை. அப்போதாவது அவர் யோசித்திருக்க வேண்டும்.

மறுநாள் கச்சேரி வாசலில் ஒருத்தி விம்மி விம்மி அழுதாள். தொண்டர் ஆசிரியையாம். வயது கூடிவிட்டதாம். "பேருக்கும் வயசுக்கும் இடம் விட்டு எழுதுங்க ஹயாத்து நானா, நான் நிரப்புறன்."

ஹயாத்து முகம்மதுக்கு ரத்தம் கொதித்தது. 'தொண்ணூறில் வடக்கிலிருந்து எங்களைத் துரத்தியவர்கள் வயது கேட்கவில்லை. கூடாரத்தில் படிப்பித்தபோது நீங்களும் கேட்கவில்லை. கூலி கொடுக்கும் நேரத்தில் மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?' நான்கு பக்கம் எழுதினார். தாளை விட்டு நிமிரவே இல்லை.

மூன்று மாதத்தில் மாகாணக் கந்தோரிலிருந்து வீட்டுக்குக் கடிதம் வந்தது. தொண்டர் சேவைக்காலத்தை வயதில் கழித்து, ரபியாவுக்கு நியமனம். கூடவே மனுவின் பிரதி. நான்கு பக்கமும் அவர் கையெழுத்து; பேரும் வயதும் மட்டும் ரபியாவுடையது.

"இது அந்த அழுத பொம்பிளட பெட்டிசமல்லவா!"

"ஓம். குல்சூம் என்னோட படிப்பிக்கிறவ. வயசு முப்பத்திரண்டு. நீங்க நிமிந்து பாத்தாத்தானே."

"என்ட பேனையாலயே என்னய ஏமாத்தினியா? என்னட்டயே கேட்டிருக்கலாமே!"

"ஆறு தரம் கேட்டனே. எனக்கெண்டா 'தாழ்மையுடன் இரந்து கேட்கிறேன்' எண்டு எழுதுவீங்க. ஊரார்ட பொஞ்சாதிக்கெண்டாத்தான் உங்களுக்குக் கோவம் வருது."

அப்போது வாசல் படலை திறந்தது. பதினொரு தொண்டர் ஆசிரியைகள், எத்தாளை, கண்டக்குழி ஊர்களிலிருந்து வந்தவர்கள், வெள்ளைத் தாளோடு நின்றார்கள்.

"நான்தான் வரச் சொன்னன்" என்றாள் ரபியா.

வரிசையின் கடைசியில் நின்ற நரைத்த தலை எட்டிப் பார்த்தது. "தம்பி, எனக்கு அம்பத்தொம்பது. பென்சனுக்கு இன்னும் ஒரு வருசம் கிடக்கு. நல்லாக் கோவமா எழுதுங்க."